பக்கத்தில் உட்கார ஓர் ஆள்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

சென்ற இதழில் ஒரு வேண்டுகோள் எழுதியிருந்தேன். கும்மிடிப்பூண்டி பெத்திக்குப்பத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்குக் காது சரியாகக் கேட்காது, சிலருக்குக் கை கால் இயக்கத்தில் சிரமம், சிலர் மெதுவாகக் கற்பவர்கள். இவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆரம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன. தேர்வு பயம், கையெழுத்து, செல்போன் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயது. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, தடாவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தர நினைக்கிறோம். யாரைப் பார்க்க வேண்டும்? நேராகப் போனால் உள்ளே விடுவார்களா?
– ஒரு வாசகர், தடா

பதில்: விடமாட்டார்கள் தம்பி. அதில் நியாயமும் இருக்கிறது. அது குடும்பங்கள் குடியிருக்கும் இடம். அதோடு முகாம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. முகாமுக்கென்று ஒரு வருவாய் ஆய்வாளர் இருப்பார், ‘ஆர்.ஐ.’ என்று மக்கள் சொல்வார்கள். வெளியார் தொடர்ந்து வந்து போக வேண்டுமென்றால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சும் உங்களைப் பற்றி விசாரிக்கும். வாங்கலாம், ஆனால் நாளாகும்.

அதனால் பள்ளிக்கூட வாசலில் தொடங்குங்கள் என்பேன். தமிழ்நாட்டில் முகாம் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில்தான் அவர்களும் படிக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு வகுப்பை எட்டிப் பார்த்தால் முகாம் பிள்ளைக்குப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை இருக்கும், சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பிள்ளை இருக்கும், இருளர் பிள்ளை இருக்கும். நீங்கள் உதவ வேண்டியது இந்த மொத்த வகுப்புக்கும். முகாம் பிள்ளைகளை மட்டும் தனியாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுத்தால், மறந்திருந்த ‘அகதி’ என்ற பெயரை மற்றப் பிள்ளைகளுக்கு நாமே நினைவூட்டியவர்கள் ஆவோம்.

தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அந்தக் குழுக் கூட்டத்தில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் பள்ளிகளுக்கு உதவ முன்வரலாம். அடையாள அட்டை நகலை யாரும் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்க மாட்டோம், கதவைத் திறந்து வைத்துத்தான் உட்காருவோம் என்றும் நீங்களே சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது துன்பத்தை உங்களிடம் சொன்னால் அதை மறைக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஐந்து பேரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்போக்கன் இங்கிலீஷ். அந்த ஆசை எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. முகாமில் அப்பாக்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் கிளம்பி எங்கெங்கோ போய் இருட்டியபின் திரும்புவார்கள். அம்மாக்களில் பலர் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து நான்கு வரி சத்தமாகப் படிக்கும்போது காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் அந்த ஆளாக இருங்கள். தமிழ்ப் பாடம் படிக்கச் சொல்லுங்கள், தடுக்கி நிற்கும் இடத்தில் அவசரப்படாமல் காத்திருங்கள். கொடுக்கல் வாங்கல் கணக்கு, பெருக்கல் வாய்ப்பாடு, கடிகாரம் பார்ப்பது, இவையெல்லாம் அப்புறம்.

முகாமுக்குள்ளேயே படித்த இளைஞர்கள் மாலை வகுப்பு நடத்துவதுண்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற அமைப்பு 1984இல் சந்திரகாசன் அவர்களால் தொடங்கப்பட்டது. அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு அது, முகாம் பிள்ளைகளின் படிப்பில் நீண்ட அனுபவம் உள்ளது. அப்படிப்பட்டவர்களிடம் முதலில் போய், “உங்களுக்கு எந்த இடத்தில் ஆள் குறைகிறது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தில் நில்லுங்கள்.

ஐந்து பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்க வேண்டாம். உங்களுக்கு ஷிப்ட் மாறும் என்று தெரியும். ஆளுக்கு ஒரு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். தடாவில் ரயில் ஏறினால் ஆரம்பாக்கம், எளாவூர், அடுத்தது கும்மிடிப்பூண்டி. காலை ஷிப்ட் முடிந்தவர் மாலையில் வந்து சேர்ந்துவிடலாம். இந்த மாதம் வந்து அடுத்த மாதம் காணாமல் போவதாக இருந்தால் வரவே வேண்டாம் தம்பி, கோபமாகச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் ஊர், வீடு, உறவு என்று ஏற்கெனவே பலவற்றை ஒரே நாளில் இழந்து வந்தவை. ‘அண்ணா செவ்வாய்க்கிழமை வருவார்’ என்று ஒரு பிள்ளை எதிர்பார்த்திருந்தால் செவ்வாய்க்கிழமை நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முடியாத வாரத்தில் முன்கூட்டியே பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: நகரியில் தறி வைத்திருக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் வசதிக்குக் குறைவில்லை. முகாம்களில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து அவர்களுக்கென்று ஒரு சிறப்புப் பள்ளி கட்டிக்கொடுத்தால் என்ன? இடம் பார்க்கவும் நான் தயார்.
– ஒரு வாசகர், நகரி, சித்தூர் எல்லை

பதில்: ஐயா, உங்கள் மனசுக்கு வணக்கம். ஆனால் அந்தக் கட்டடம் வேண்டாம். அகதி என்று ஒரு முறை ஊரிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட குழந்தையை, ஊனம் என்று இன்னொரு முறை தள்ளி வைக்க உங்கள் பணம் பயன்பட வேண்டாம்.

ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 1994இல் 92 நாடுகளின் அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும், பள்ளிதான் குழந்தைக்கு ஏற்ப மாற வேண்டும் என்று அறிவித்தன. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் இவர்களைச் சேர்த்துக்கொண்டு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சிறப்புப் பள்ளி தேவைப்படும் பிள்ளைகள் உண்டு, குறிப்பாகச் சிறுவயதில் சைகைமொழி கற்க வேண்டிய காது கேளாத பிள்ளைகள். அது அந்தந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. முகாம்களிலிருந்து அள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் வைப்பது வேறு.

பணத்துக்கு வேலை நிறைய இருக்கிறது. சாய்தளத்தை முதலில் சொல்கிறேன். பல பள்ளிகளில் சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும், மழையில் வழுக்காத தரை வேண்டும். அடுத்து கழிப்பறை. கதவு அகலமாக, உள்ளே நாற்காலி திரும்ப இடத்தோடு, சுவரில் பிடித்து எழக் கம்பியோடு ஒன்று கட்டிக்கொடுத்தால் உங்களை ஒரு தலைமுறை வாழ்த்தும். அதற்குப் பிறகு ஆட்டோ. போக்குவரத்துக்கு உதவுவது அரசின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது, அதற்கான படியும் உண்டு. அந்தப் படி கைக்கு வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது, அந்த இடைவெளிக்கு உங்கள் பணம் உதவும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்களிடம் மட்டும் கேட்கக்கூடியது. தறியில் மிஞ்சும் கலர் நூல், துணித் துண்டு, நாடா, நூல் சுற்றும் காலிக் கண்டுகள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையில் கட்டி அனுப்புங்கள். விரல் சொன்னபடி கேட்காத பிள்ளைகளுக்கு நூல் சுற்றுவதும், கண்டில் கோப்பதும், முடிச்சு போட்டு அவிழ்ப்பதும், நிறம் பிரித்து அடுக்குவதும் அருமையான பயிற்சி. நாடாவைப் பென்சிலில் தடிமனாகச் சுற்றிவிட்டால் பிடி நழுவாது. கடையில் விலைக்கு வாங்கும் சாமான்களைவிட இவற்றில் பிள்ளைகள் ஆசையாகக் கை வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: மிஸ், நாங்கள் முகாமில் இருக்கிறம். என்ட மகனுக்கு 9 வயது. பிறக்கேக்கையே மூளை முடக்குவாதம். நடக்க ஏலாது, பேச்சும் தெளிவில்லை, ஆனால் சொல்றதெல்லாம் அவனுக்கு விளங்கும். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பேர் இருக்கு. “வீட்டிலேயே வைத்திருங்கள், வாரத்தில் ஒரு நாள் டீச்சர் வந்து பார்ப்பார்” என்று சொல்லிவிட்டார்கள். அவன் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில இருக்க வேணும் எண்டு எனக்கு ஆசை. நாங்கள் அகதிகள், இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கா?
– ஒரு தாய், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: இருக்கிறது அம்மா. முழுதாக இருக்கிறது.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்று எழுதவில்லை. அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அது உண்மை. ஆனால் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் 22ஆம் பிரிவு அகதிக் குழந்தைகளைப் பற்றியது, 23ஆம் பிரிவு ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றியது. உங்கள் மகன் இரண்டிலும் இருக்கிறான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவோ, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு இலவசக் கல்விக் காலத்தை 6 வயதிலிருந்து 18 வயது வரை நீட்டிக் கொடுக்கிறது.

வீட்டுவழிக் கல்வியைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான ஊனம் உள்ள குழந்தை வீட்டிலிருந்தபடி கற்பதைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உண்டு என்று சேர்த்தார்கள். தேர்ந்தெடுப்பது குழந்தையின் உரிமை. உங்கள் பிள்ளைக்காக அதைப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

வாயால் கேட்டு வருவதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம், நகல் வட்டார வள மையத்துக்கு. உங்களிடம் இருக்கும் பிரதியில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘என் மகனைப் பள்ளிக்கு அனுப்ப விரும்புகிறேன். தரைத்தள வகுப்பறை, முதுகும் பக்கமும் தாங்கும் நாற்காலி, கழிப்பறைக்குக் கூட்டிப்போக உதவி, வந்து போக வழி, இந்த நான்கும் வேண்டும்.’ இவ்வளவு போதும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் மருத்துவ முகாமுக்கு மகனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி, காலணி, கம்பி போன்றவற்றுக்கு அங்கேதான் அளவெடுப்பார்கள்.

பள்ளிகள் இப்படிப்பட்ட பிள்ளையைத் தவிர்ப்பதற்கு வெளியே சொல்லாத காரணம் பெரும்பாலும் கழிப்பறைதான். ‘யார் தூக்குவது, யார் கழுவுவது?’ என்ற பயம். ஆசிரியரைக் குறை சொல்லி அந்தப் பயம் போகாது, வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளோடு அவர் தனியாக நிற்கிறார். இங்கேதான் தன்னார்வலர் வேண்டும். முதல் சில வாரங்கள் காலை மட்டும் அனுப்புங்கள். நீங்களோ உங்கள் அம்மாவோ கூட இருங்கள், ஒரு தன்னார்வலரையும் அருகில் வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவது, எந்த நேரம் கூட்டிப்போவது என்று காட்டிக்கொடுங்கள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, பிள்ளையை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் முன்னால் ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் பயம் தெளியும்.

பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள். உப்புமாவோ கிச்சடியோ எதுவானாலும் மகனை நேராக நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழே பார்த்தபடி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாய்ந்தபடி ஊட்டினால் புரையேறும். இதை ஒரு தாளில் எழுதி வகுப்பில் ஒட்டச் சொல்லுங்கள்.

பேச்சு தெளிவில்லை என்கிறீர்கள். ஓர் அட்டையில் ஆறு படம் ஒட்டிக் கொடுங்கள்: தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, புரியவில்லை, இன்னொரு முறை, விளையாட வேணும். கையோ கண்ணோ காட்டினால் போதும். பிறகு பாருங்கள், உங்கள் மகன் சொல்வது டீச்சருக்குப் புரியும் முன்பே பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் புரிந்துவிடும். நான் வேலை பார்த்த எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது. “மிஸ், அவன் இதைத்தான் சொல்றான்” என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். தேர்வுகளில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதெல்லாம் பிறகு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கும்போது உங்கள் பெயரையும் கொடுங்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், உங்களுக்கு அதில் இடம் உண்டு.

*

கேள்வி: நாங்கள் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் சூளூர்ப்பேட்டையில் தெலுங்கு மீடியத்தில் படித்ததால் எனக்குத் தமிழ் பேச மட்டும் வரும், எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், பகலில் நேரம் இருக்கிறது. நான் வந்தால் உபயோகமா?
– ஒரு வாசகி, சூளூர்ப்பேட்டை

பதில்: வாருங்கள் அம்மா. பகலில் நேரம் இருக்கும் ஆள் கிடைப்பது அரிது. வகுப்பில் இருப்பிடம் விட்டு எழுந்து ஓடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார எழுத்து தெரிய வேண்டியதில்லை. வாசலில் கூட்டிவந்து வகுப்பில் விடுவது, தட்டு கழுவும்போது கூட நிற்பது, விளையாட்டு நேரத்தில் ஓரமாக நிற்கும் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துவிடுவது, கதை சொல்வது, எல்லாம் உங்களால் முடியும். காது குறைவாகக் கேட்கும் பிள்ளை என்றால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, இயல்பான வேகத்தில் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் உதடு கோணி இன்னும் புரியாமல் போகும். வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் ஒரு வரம். முதல் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் தமிழ் எழுத்தும் உங்களுக்கு வந்துவிடும்.

*

கேள்வி: டீச்சர், நான் முகாமில் பிறந்தவன், பி.காம். இரண்டாம் ஆண்டு. மாலையில் 20 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். பத்தாவது முடித்த பையன்கள், “படிச்சாலும் கவர்மெண்ட் வேலை இல்லை, பெயிண்ட் அடிச்சா இன்றைக்கே காசு” என்று நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.
– ஒரு கல்லூரி மாணவர், கும்மிடிப்பூண்டி

பதில்: தம்பி, அவர்களிடம் பொய் சொல்லாதே. குடியுரிமை இல்லாதவரை அரசு வேலைக் கதவு மூடித்தான் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. இது பெரிய அநீதி என்பதே என் கருத்து. 1983லிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்து, தமிழ்த்தாய் வாழ்த்து பாடிப் படித்து, இன்னும் வெளியாட்களாக எண்ணப்படுகிறார்கள்.

ஆனால் கதை முழுதும் மூடிய கதவுகளாக இல்லை என்பதையும் ஆதாரத்தோடு சொல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு முகாம் மக்களுக்கான திட்டங்களை அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியதும் அப்போதுதான். கல்லூரியில் படிப்பவர்களுக்கான உதவித்தொகையை உயர்த்தினார்கள், பொறியியலில் ஆண்டுக்கு 50 பேருக்குக் கட்டணத்தை ஏற்றார்கள். சிப்காட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் கணக்கு எழுத, ஸ்டோர்ஸ் பார்க்க, கம்ப்யூட்டரில் வேலை செய்யப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

சான்றிதழ்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகக் கேள். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடத்தி பாஸ்போர்ட் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்களித்தார். எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் அம்மாவோ அப்பாவோ அந்தக் காலத்தில் இங்கே பிறந்தவர் என்றால் பிள்ளைக்கும் வழி இருக்கக்கூடும், வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்க வேண்டும். காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமே! உன் 20 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடு: பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை நகல், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்து. வெளியிலிருந்து வரும் தன்னார்வலர்களிடம் உனக்கு வேண்டிய உதவியாக முதலில் இதைக் கேள். ஆங்கிலத்தில் மனு எழுதவும், அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும் அவர்களால் முடியும்.

நின்றுவிட்ட பையன்களை விட்டுவிடாதே. பெயிண்ட் வேலை செய்துகொண்டே பன்னிரண்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் வை. உனக்கும் தேர்வு இருக்கிறது, பருவத் தேர்வு மாதத்தில் மாலை வகுப்பைத் தடா நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் படி.

*

கேள்வி: எங்கள் சங்கத் தலைவரின் பிறந்தநாளை முகாம் குழந்தைகளோடு கேக் வெட்டி, நோட்டு வழங்கிக் கொண்டாட விரும்புகிறோம். படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாமா?
– ஒரு சங்கச் செயலாளர், பொன்னேரி

பதில்: நோட்டைப் பள்ளியில் கொடுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. படம் வேண்டாம். கையை நீட்டி வாங்குவது போல் ஒரு படம் வந்தால் அந்தப் பிள்ளை பெரியவளாகி வேலைக்குப் போன பிறகும் அது இணையத்தில் சுற்றும். ஊனமுள்ள குழந்தையின் முகத்தைப் போடவே கூடாது.

*

கேள்வி: இலங்கைத் தமிழர் என்றால் மொழி ஒன்றுதான். வேறு மொழி பேசும் அகதிக் குழந்தை நம் பள்ளிக்கு வந்தால் ஆசிரியரும் தன்னார்வலரும் என்ன செய்ய முடியும்? சேர்க்கவே முடியுமா?
– ஓர் ஆசிரியை, ஊத்துக்கோட்டை

பதில்: சேர்க்க முடியும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. டெல்லியில் உள்ள ரோஹிங்யா குழந்தைகள் பற்றிய வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவர்கள் அரசுப் பள்ளிகளை அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. நம் ஊரிலும் சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் ரோஹிங்யா குடும்பங்கள் இருக்கின்றன.

நீங்கள் ஏற்கெனவே ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் செய்யப் போகிறீர்கள். வாயாடிப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்கார வையுங்கள். கணக்கும் ஓவியமும் முதலில், மொழிப் பாடம் மெதுவாக. பல நாள் பேசாமல் இருக்கும், இருக்கட்டும். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: எப்படி வந்தீர்கள், படகிலா, அங்கே என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது. பிள்ளையே சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு முழுக்கக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு தலைமை ஆசிரியரிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். தூக்கம் வராமல், சாப்பிடாமல், சத்தம் கேட்டால் நடுங்கும் பிள்ளையாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெற்றோரோடு நீங்களும் ஒரு முறை கூடப் போய் வாருங்கள்.